சாகாத நீதிபதி

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சட்டமும் அதிகாரமும்' என்று தலைப்புக் கொடுத்தால், இவன் காமிக்ஸ் புத்தகத்தோடு வந்து நிற்கிறானே என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்க வைக்கத்தான் இதை எழுதினார்கள். 1991இல் வெளிவந்த 'பேட்மேன் / ஜட்ஜ் டிரெட்: ஜட்ஜ்மென்ட் ஆன் காத்தம்'. கதை ஆலன் கிரான்ட், ஜான் வாக்னர். ஓவியம் சைமன் பிஸ்லி. அமெரிக்காவின் பேட்மேனும், 1977இல் பிரிட்டனின் '2000 ஏடி' வார இதழில் பிறந்த ஜட்ஜ் டிரெட்டும் இதில் மோதிக்கொள்கிறார்கள்.

டிரெட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெகா சிட்டி ஒன் என்னும் எதிர்கால நகரத்தில் போலீஸ், நீதிபதி, தண்டனையை நிறைவேற்றுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. தெருவில் பிடித்து, தெருவிலேயே தீர்ப்பு. ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டவும் மாட்டார்.

அந்த நகரத்துக்குள் பேட்மேன் வந்து விழுகிறார். டிரெட் அவரைக் கைது செய்கிறார். எனக்குப் பிடித்த இடம் இது. 1939 முதல் ஒரு பெரும் பணக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு இரவில் ஆட்களை அடிக்கிறார், உலகமே கைதட்டுகிறது. இது குற்றமில்லையா என்று கேட்க ஒரு சர்வாதிகார நகரத்துப் போலீஸ்காரர் வேண்டியிருக்கிறது! அந்த முகமூடிக்குள் மாளிகைக்காரர் இல்லாமல் ஒரு சேரிப் பையன் இருந்திருந்தால், காத்தம் போலீஸ் முதல் இரவிலேயே கதையை முடித்திருக்கும்.

கதையின் வில்லன் ஜட்ஜ் டெத். இன்னொரு உலகத்திலிருந்து வந்த பிண நீதிபதி. அவருடைய வாதம் எளிமையானது. குற்றம் செய்பவர்கள் எல்லோரும் உயிருள்ளவர்கள். ஆகவே உயிரோடிருப்பதே குற்றம். தண்டனை, மரணம். காத்தமுக்கு வந்ததும் தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு ராக் கச்சேரிக்குள் புகுந்து கூட்டம் கூட்டமாகத் தண்டிக்கிறார். பயத்தை வைத்தே பிழைக்கிற ஸ்கேர்குரோ என்ற இன்னொரு வில்லனும் அவரோடு சேர்ந்துகொள்கிறான். பிஸ்லியின் தூரிகையில் அந்த ரத்தம்கூட நையாண்டியாகத்தான் வழிகிறது.

இந்தப் பிண நீதிபதியை டிரெட்டுக்கு நேர் எதிரானவர் என்று நினைப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரெட் போகிற அதே சாலையில் டெத் கொஞ்சம் முன்னால் போய்விட்டார், அவ்வளவுதான். என்ன செய்தாய் என்று கேட்பதைச் சட்டம் நிறுத்திவிட்டு, நீ யார் என்று மட்டும் கேட்கத் தொடங்கினால் அந்தச் சாலை தொடங்கிவிடுகிறது.

பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் இதை நகைச்சுவையாக எழுதினார்கள். அதே பிரிட்டன் 1871இல் இதைச் சட்டமாகவே எழுதியது. குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரில் ரேகைச் சட்டம் என்றார்கள். பிறமலைக் கள்ளர், குறவர் என்று இன்ன சமூகத்தில் பிறந்தாலே கைரேகை வைக்க வேண்டும், இரவானால் போலீஸின் கண்ணில் பட வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. வாக்னரும் கிரான்டும் இதை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்து படிக்கிற நமக்கு இது நினைவுக்கு வராமல் இருக்காது.

டெத்தின் உடலை அழிக்கலாம். ஆவி வேறொரு பிணத்துக்குள் புகுந்து எழுந்து வரும். இந்தக் கதையிலும் பேட்மேன் ஒருமுறை அவரை வீழ்த்துகிறார், அவர் புது உடம்போடு திரும்புகிறார். சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டத்தை 1947இல் ஒழித்தார்கள். 1948இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்று புதுச் சட்டம் வந்தது. எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் எந்தக் குடிசைக்குப் போலீஸ் வண்டி போகிறது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் பேட்மேனும் டிரெட்டும் சேர்ந்துதான் டெத்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் பேட்மேன் காத்தமுக்குத் திரும்பியதே ஜட்ஜ் ஆண்டர்சன் என்ற பெண் நீதிபதியால். மனதைப் படிக்கத் தெரிந்தவர். கைதியின் மனதைப் படித்து, அவர் சொல்வது உண்மை என்று தெரிந்துகொள்கிறார். டிரெட் கேட்க மறுக்கிறார். அவர் மேலதிகாரத்தை மீறிக் கைதியைத் தப்ப வைக்கிறார். ஆண்டர்சனைப் பற்றிக் கேள்வி நேரத்தில் பேசுவோம், தோழர்களே.