உழைப்பாளிக்கும் உரியது இசை
(கோலியனூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செல்லோ என்பது உங்களில் பலருக்குப் புதுப் பெயராக இருக்கும். பிடில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் வைக்க முடியாத அளவு பெரியது. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிக்க வேண்டும். கனத்த ஆண் குரலைப் போன்ற நாதம். சினிமாப் பாட்டுகளில் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திராது.

அந்த வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற பாப்லோ கசால்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நெசவாலைத் தொழிலாளிக்கும் நாற்று நடும் பெண்ணுக்கும் அவர் கதை எதற்கு? கேட்டு முடித்தபின் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1876-ல் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில், எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பவர், சொற்ப வருமானம். பையனைத் தச்சு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்பது தந்தையின் எண்ணம். தாய் விடவில்லை. மகனை பார்சிலோனா நகருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பையன் இரவில் காப்பிக் கடையில் வாசித்துச் சம்பாதித்தான். பின்னர் பாரிஸில் வறுமை வாட்டியபோது, அந்தத் தாய் தம் கூந்தலை வெட்டி விற்றார். ஒரு கலைஞன் உருவாவதற்குப் பின்னால் யாருடைய தியாகம் இருக்கிறது, பார்த்தீர்களா?

13 வயதில், பழைய இசைச் சுவடிகள் விற்கும் கடையொன்றில், பாக் என்ற ஜெர்மானிய மேதை செல்லோவுக்காக இயற்றிய ஆறு இசைக்கோவைகள் அவர் கண்ணில் பட்டன. வெறும் பயிற்சிப் பாடங்கள் என்று பலரும் ஒதுக்கி வைத்திருந்தவை அவை. பன்னிரண்டு ஆண்டுகள் சாதகம் செய்த பிறகே அவற்றைச் சபையில் வாசிக்கத் துணிந்தார். உலகம் வியந்தது. பேரும் வந்தது, பணமும் வந்தது.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார்? 1920-ல் பார்சிலோனாவில் ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். கலைஞர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்தார். நட்டத்தைத் தம் கையிலிருந்து ஈடு செய்தார். ஆனால் டிக்கட் வாங்கி வந்து உட்கார்ந்தவர்கள் யார்? வசதி படைத்தவர்கள்! ஆலைத் தொழிலாளி எங்கே என்று கேட்டார் கசால்ஸ். தொழிற்சங்கத் தலைவர்களைத் தேடிப் போனார். "பணக்காரர் வீசும் பிச்சையோ?" என்று அவர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். "முதலில் கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்" என்ற வகையில் அவர்களுக்காகவே ஒரு கச்சேரி நடத்தினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.

அதிலிருந்து பிறந்தது தொழிலாளர் இசைச் சங்கம். குறைந்த கூலி பெறுவோர் மட்டுமே அதில் உறுப்பினராகலாம். சந்தா சிறு தொகை. நிர்வாகம் முழுக்கத் தொழிலாளர் கையில். ஞாயிறு காலையில் கச்சேரி. சொந்தப் பத்திரிகை, சொந்த நூலகம், சொந்த இசைப் பள்ளி! இசை புரிய படிப்பும் பட்டும் வேண்டும் என்ற கட்டுக்கதை அங்கே தகர்ந்தது.

1936 ஜூலை 18. ஹிட்லர் பெர்லினில் நடத்தவிருந்த ஒலிம்பிக்குக்கு எதிராக, பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக் தொடங்க இருந்தது. அதற்காக பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் கசால்ஸ். ராணுவக் கலகம் மூண்டுவிட்டது, கலைந்து செல்லுங்கள் என்று செய்தி வந்தது. கலைஞர்கள் கலையவில்லை. மனிதகுலத்தின் சகோதரத்துவத்தைப் போற்றும் இறுதிப் பகுதியை வாசித்து முடித்த பிறகே பிரிந்தார்கள்.

தோழர்களே! பன்னிரண்டே நாள் கழித்து, ஜூலை 30 அன்று, இந்தச் சாலை போய்ச் சேரும் புதுச்சேரியில் என்ன நடந்தது? சவானா மில் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி குண்டு மாரி பொழிந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். ஸ்பெயினும் புதுச்சேரியும் தூரத்தில்தான் வேறு வேறு; துப்பாக்கி குறி பார்த்தது ஒரே வர்க்கத்தை!

1939-ல் பிராங்கோவின் பாசிஸ்டுகள் வென்றனர். கசால்ஸ் நாடு துறந்து, பிரான்சின் பிராட் என்ற ஊரில் தங்கினார். முகாம்களில் வாடிய ஸ்பானிய அகதிகளுக்குப் பணமும் துணியும் திரட்டினார். ஜெர்மனிக்கு வந்து வாசிக்கும்படி நாஜிகள் அழைத்தார்கள், மறுத்தார். போர் முடிந்த பிறகும் பிராங்கோவை மேலை அரசுகள் விட்டு வைத்ததைக் கண்டு, மேடைக் கச்சேரிகளையே நிறுத்தினார். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். குடியரசின் மீது பற்றுக் கொண்டவர். ஆயினும் நெசவாளி தறியை நிறுத்துவதைப் போல வில்லைக் கீழே வைத்தார். அதுவும் வேலைநிறுத்தம்தான்!

1950-ல் உலகக் கலைஞர்கள் பிராட் ஊருக்கே திரண்டு வந்தார்கள். அங்கே மீண்டும் வாசித்தார். 1971-ல், 94 வயதில், ஐக்கிய நாடுகள் சபையில் தம் கட்டலோனியாவின் நாட்டுப் பாடலைச் செல்லோவில் இசைத்தார். 1973-ல் போர்ட்டோ ரிக்கோவில் காலமானார். பிராங்கோ இறந்து, ஜனநாயகம் திரும்பிய பின், 1979-ல் அவர் உடல் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

நமக்கு இதில் என்ன வேலை இருக்கிறது? நடவுப் பாட்டு நம்முடையது, பறையும் நம்முடையது. நாயனமும் பிடிலும் செல்லோவும்கூட நமக்கு அந்நியம் அல்ல. மாதம் ஒரு மாலை, நம் சந்தாவில், நம் நிர்வாகத்தில், ஒரு கலைஞரை அழைப்போம். அவரும் உழைப்பாளி, பேரம் பேசாமல் முழுக் கூலி கொடுப்போம். பார்சிலோனாத் தொழிலாளி செய்ததைக் கோலியனூர்த் தொழிலாளி செய்ய முடியாதா? முடியும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே கொடுங்கள்.