வரப்பு நத்தைக்குப் புகையிலைக் கஷாயம்



மழை பெய்த மறுநாள் வரப்பில் பெரிய பெரிய நத்தைகள் ஊர்கின்றன. இது நம் ஊர் நத்தை இல்லை. ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் ஒரு வெள்ளைக்காரர் இதை மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1950-களில் பாலக்காட்டு எலப்புள்ளிக்கு ஆராய்ச்சிக்காக வந்தது என்று சொல்கிறார்கள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நத்தை தங்கிவிட்டது!

நெல் வயல் தண்ணீருக்குள் இருப்பது வேறு நத்தை. அதை நம்மில் பலர் சமைத்துச் சாப்பிடுகிறோம். வாத்தும் தின்னும். அதை மருந்து வைத்துக் கொல்ல வேண்டாம். ஆப்பிரிக்க நத்தை தண்ணீரில் வாழாது. வரப்பில் இருந்துகொண்டு வாழை, பப்பாளி, காய்கறிச் செடிகளைத் தின்னும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை இடும்.

என்ன செய்யலாம்? சாயங்காலம் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடுங்கள். இரவில் நத்தைகள் அங்கே வந்து கூடும். காலையில் பொறுக்குங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். அதன் உடம்பில் ஒரு நுண்புழு இருக்கலாம். அது நம் வயிற்றுக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரும். கையுறை இல்லையா? பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பொறுக்கியதை உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதையுங்கள். அந்தத் தண்ணீரை வயலில் ஊற்றாதீர்கள். மண் கெடும்.

அதற்கும் அடங்காவிட்டால் மருந்து. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் சொன்னது இது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, ஒரு லிட்டராகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். 60 கிராம் துரிசை, அதாவது மயில்துத்தத்தை, இன்னொரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். இரண்டையும் கலந்து, வடிகட்டி, நத்தையின்மேல் தெளிக்க வேண்டும்.

செடி மருந்துதானே என்று நினைக்காதீர்கள். புகையிலை விஷம் தோல் வழியாகவும் ஏறும். சோறு பொங்கும் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. துரிசு வயல் தண்ணீரில் கலந்தால் மீன் சாகும். தேயிலைக் கொட்டைப் பிண்ணாக்கும் அப்படித்தான். நத்தையோடு மீனையும் கொல்லும். என்னைக் கேட்டால், சாக்கும் இலையுமே நல்லது.

இடுக்கி மலைப் பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கீழேயிருந்து வாழைக்கன்றோ, சாணமோ, மரத்தடியோ லாரியில் வந்தால் பார்த்து இறக்குங்கள். முட்டை மிளகு அளவுதான் இருக்கும். வெளிர் மஞ்சளாக, மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும்.