மாத்திரை இலவசம், வழிச்செலவு யார் தலையில்?



நம் ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்து போகிறது. எந்த நாட்டிலோ யாருக்கோ பட்ட காயத்தை இந்தப் பக்கத்துத் துணி கட்டுகிறது. அந்தத் தறிக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு ஒருவர் நிற்கிறார். கை நடுக்கத்தில், அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், அதுவரை தாங்காது. பிளாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கி உள்ளே ஊற்றினால்தான் விரல் நிற்கிறது. "குடிகாரப் பய" என்று சொல்லிவிட்டு ஊர் நகர்ந்துவிடும். அரசாங்கம் அப்படி நகர முடியாது.

ஏன் முடியாது? 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சேர்த்திருக்கிறது. அதன் 18-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கட்டுப்படியாகும் செலவில் சிகிச்சை பெறுவது உரிமை. நோயாளி நெடுந்தூரம் அலையக் கூடாது. அவர் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை இருக்க வேண்டும். ஜவகர் மைதானத்தில் கூடியிருக்கும் இந்தக் கூட்டம் தருமம் கேட்கவில்லை. நாடாளுமன்றம் எழுதி வைத்ததைக் கேட்கிறது.

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மாத்திரைக்குக் காசு கிடையாது. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் தாலுகாக்கள் 10. 2011 கணக்கெடுப்பில் மக்கள் 19 லட்சத்து 42 ஆயிரம். முறை வைத்துச் சுற்றும் ஒரு குழு யாரைப் பார்க்கும், யாரை விடும்?

விட்டுப்போனவர் ராஜபாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து விருதுநகர் போக வேண்டும். தனியாக அனுப்ப முடியாது, வழியில் இறங்கிவிடுவார். எனவே வீட்டுக்காரம்மாவும் கூடப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை; மாவட்டத் தலைநகருக்குப் போகும் வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. இரண்டு டிக்கெட், இரண்டு சாப்பாடு, இரண்டு பேருடைய ஒருநாள் கூலி. அடுத்த மாதமும் வரச் சொல்வார்கள். அவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கிறார்கள். வந்ததுதான் அதிசயம்!

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வு, மதுவால் நோய்ப்பட்ட நூறு பேரில் 86 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்கிறது. அந்த 86 பேரும் சும்மா இருக்கிறார்களா? வீட்டில் பெண்கள் விடுவார்களா? "அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுங்க, ஒரே வாரத்துல மறந்துருவாரு" என்று பொட்டலம் விற்கிறார்கள். அதில் இருப்பது டைசல்ஃபிராம் என்றால், சாப்பிட்டது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் டாக்டர் அந்த மருந்தைக் கொடுப்பார்.

இன்னும் சிலர் கோயிலில் கயிறு கட்டிவிட்டு ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். சாமியைக் குறை சொல்ல இந்த மேடை போடப்படவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார். வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும் தயமின் ஊசியும் விலை உயர்ந்த சரக்கல்ல. கயிறு கட்டட்டும்; கட்டிய கையோடு டாக்டரையும் பார்க்கட்டும்.

மனநோயாளியைப் பக்கத்தில் பார்க்க வழியில்லாத குடும்பங்கள் முன்பு எங்கே போயின? அடுத்த மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநோயாளிகள் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

"கடையை மூடு, எல்லாம் சரியாகும்" என்று ஒரு குரல் இந்தக் கூட்டத்திலேயே கேட்கிறது. நியாயமான கோபம். மதுவிலக்கு அமலில் இருந்தபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ராஜபாளையத்துக்காரர். கடைகள் குறையட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் 2020 ஊரடங்கில் கடைகளை மூடியபோது நடந்தது நினைவிருக்கிறதா? புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தவர்கள் செத்தார்கள். சிகிச்சைக்கு வழி செய்யாமல் பூட்டை மட்டும் போட்டால் நோயாளி வேறு எதையாவது தேடுவார்.

பணமில்லை என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்! 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாலே 483 கோடி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்துச் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். செத்த பிறகு பையைத் திறக்கிற கஜானா, உயிரோடு இருக்கும்போது ஏன் கையை மடக்குகிறது?

முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989-லேயே மஞ்சக்குடி கிராமத்துக்குப் போய் 15 நாள் முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. வீட்டை விட்டு வெகுதூரம் போகாததால் குடும்பமும் கூடவே இருந்தது. முகாமுக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னை டாக்டர், பேசி முடித்து இறங்கும்போது மருந்து கையில், இலவசமாக. ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது ஒரு மாநில அரசால் முடியாதா?

கேட்பது இதுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகள் இரண்டிலும் வாரத்தில் இரண்டு நாள், கிழமை மாறாமல், மாலை ஏழு மணி வரை மனநல, குடிநோய்ப் பிரிவு. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு அதுதான் வாய்க்கும் நேரம். குடியை நிறுத்துகிற முதல் வாரத்துக்கு ஆளுக்கொரு படுக்கை. மாத்திரை வாங்க வராதவர் வீட்டைத் தேடிப் போக ஒரு பணியாளர்.

மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டமே இலவச சட்ட உதவிக்கும் உரிமை தருகிறது. கலெக்டருக்குக் கொடுக்கும் மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்களுக்கு மை டப்பாவும் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால், அதே மனு 18-வது பிரிவோடு நீதிமன்றப் படியேறும். வரிசையில் வாருங்கள், பிள்ளை வைத்திருக்கிறவர்களை முன்னால் விடுங்கள்.