ஒரே கேபிளில் மைக்கும் கேமராவும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



பொங்கல் விழாவன்று ஹாலில் பேசியது பி பிளாக் ஸ்பீக்கரில் விட்டு விட்டுக் கேட்டதே, அதற்கு விளக்கம் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கேமராக்கள் எல்லாம் இரண்டு மணி நேரம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். சுவிட்ச் பெட்டியில் தொங்கிய ஒரு வயரை, மறுமுனை எங்கே என்று பார்க்காமல் காலி போர்ட்டில் செருகிவிட்டேன். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. தகவல்கள் வட்டமடித்து மொத்த நெட்வொர்க்கும் திணறிவிட்டது. பின் கேட்டில் செக்யூரிட்டி நேரில் நின்று காவல் காத்தார். அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

இனி ஒலி விஷயம். தனி வயர் இழுக்கும் செலவு வேண்டாமென்று, கேமராவுக்குப் போட்ட கேட்-6 கேபிளிலேயே 'டான்டே' முறையில் ஒலியை அனுப்புகிறோம். "கேபிளில் இடம் போதவில்லையா?" என்று பலர் கேட்டீர்கள். கணக்கு இதோ: ஒரு மைக்கின் ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். பெருக்கினால் 11,52,000 பிட். மேல்செலவு சேர்த்தாலும், விநாடிக்கு 100 கோடி பிட் தாங்கும் கிகாபிட் லைனில் இது சில்லறை.

குறை இடத்தில் இல்லை, நேரத்தில். கேமரா படம் அரை விநாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. ஒலி அப்படியல்ல. எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். மில்லிவிநாடிக் கணக்கில் பிந்தி வந்த பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றுதான். நம் சுவிட்சிலோ மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி போர்ட்டை அவ்வப்போது தூங்கவைத்து, அந்தக் கடிகாரத்தைக் குழப்பியிருக்கிறது. டெக்னீஷியன் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. இந்தச் சுவிட்சில் அதை நிறுத்தவும் வழியில்லை.

ஆகவே கமிட்டி முன் வைப்பது இவை:

1. செட்டிங் மாற்றக்கூடிய 'மேனேஜ்டு' சுவிட்சுகள் வாங்க வேண்டும். தூக்க வசதியை நிறுத்தலாம். வங்கியில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை விடுவதுபோல் ஒலிக்கு முன்னுரிமை தரலாம். கேமராவையும் ஒலியையும் விலான் மூலம் பிரிக்கலாம். நான் செய்ததுபோன்ற தவறையும் தடுக்கலாம்.

2. சுவிட்சுகளுக்கு யுபிஎஸ் வேண்டும். கரண்ட் போனால் அறிவிப்பும் போய்விடக்கூடாது. ஆனாலும் இது தீ அலாரத்துக்கு மாற்றல்ல.

3. சுவிட்சிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி வரை ஒரே கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வைஃபையில் இதை ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

4. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்டர்நெட் வேலைக்கு வருபவர் ஷாஃப்டில் உள்ள பெட்டியைத் திறக்கும்முன் ஆபீஸுக்கு ஒரு போன் செய்யுங்கள். பி பிளாக்கில் தனியாக வசிக்கும் பெரியவர்கள் பலர் வாட்ஸப் பார்ப்பதில்லை. தண்ணீர் நின்றாலும் லிஃப்ட் நின்றாலும் அவர்களுக்கு எட்டுவது அந்த ஸ்பீக்கர்தான்.