பத்துக்குப் பத்து அறையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்



உங்கள் வீட்டில் சாமான் ஏதும் இல்லாத அறை இருந்தால், அதன் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அத்துடன் நிற்காது. எதிரெதிர்ச் சுவர்களில் முட்டி முட்டித் திரும்பி, 'ட்ர்ர்' என்று ஓர் அதிர்வாகக் காதில் விழும். பாட்டுப் பதிவு செய்ய, கதை வாசிக்க, பாட்காஸ்ட் நடத்த வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வேண்டும் என்று இன்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நாலு கடை ஏறி இறங்கி நல்ல மைக்காகப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த மைக் குரலோடு சேர்த்து அறையையும் பதிவு செய்துவிடும் என்பது வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது.

ஆகவே இன்று மைக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மெத்தை, அலமாரி, திரைச்சீலை, விளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். அழகுக்காகவும் வசதிக்காகவும் வாங்கிப் போடும் இந்தச் சாமான்கள் ஒலிப்பதிவு அறைக்குள் வந்துவிட்டால் கருவிகளாகிவிடுகின்றன. எதை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிச் சொல்வதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆதாரம் இருக்கிறது. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில், ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் அடங்க 5 நொடிக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து கலந்துவிடும்; மாணவர்களுக்கு எதுவும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து மண்டபத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அந்த ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். இன்று உலகமெங்கும் அரங்கு கட்டுகிறவர்கள் போடும் எதிரொலிக் கணக்கு அந்த இரவுகளில் பிறந்ததுதான். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் அவருடைய கணக்கின்படி கட்டப்பட்டது.

அதே கணக்கை நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சிமென்ட் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. காலியாக இருந்தால் ஓசை முழுதாக அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். பேச்சையும் பாட்டையும் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டுமானால் அது 0.3 நொடியை ஒட்டி இருக்க வேண்டும். இதற்கு ஓசையை விழுங்கும் பரப்பு சுமார் 160 சதுர அடி தேவைப்படுகிறது. மலைக்க வேண்டாம். 6 அடிக்கு 5 அடி மெத்தை ஒன்றைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைத்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து 60 சதுர அடி கிடைத்துவிடும்.

மெத்தை என்றதும் நான் நினைப்பது இலவம்பஞ்சு மெத்தையை. பாட்டி காலத்து மெத்தை பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓசை என்பது காற்றின் அசைவு. அந்தக் காற்று பஞ்சின் இழைகளுக்கு நடுவே புகுந்து உரசி, வேகம் இழந்து அடங்கிவிடுகிறது. அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு: வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு உள்ளே போனால் ஓசையும் போகும். தெர்மகோலில் மூச்சு போகாது. அதைச் சுவர் முழுக்க ஒட்டினாலும் பயனில்லை. முட்டை அட்டையும் அப்படித்தான். மெல்லிய அட்டையால் எதையும் பெரிதாக விழுங்க முடியாது. இந்த இரண்டுக்கும் நம் ஊரில் இருக்கும் மதிப்பு எனக்கு வருத்தம் தருகிறது. பவானி ஜமக்காளத்தைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் கீச்சு ஓசைகள் மட்டும் குறையும். இரண்டாக மடித்து, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். பின்னால் இருக்கும் காற்றிடைவெளியும் வேலை செய்யத் தொடங்கும்.

மெத்தையை எங்கே வைப்பது? பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். பாடுவதற்கு வழக்கமாகப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் முன்பக்கம் வருவதை நன்றாகக் கேட்கும். தன் முதுகுப்பக்கம் வருவதை அதிகம் கேட்காது. அதன் முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் நிற்கிறது. உங்கள் தலையைத் தாண்டி அது கேட்பது அந்தச் சுவரைத்தான். ஆகவே மெத்தைக்கு முதல் இடம் பாடுகிறவரின் முதுகுப்பக்கம். துணி நிறைந்த அலமாரி அங்கே அமைந்தால் இன்னும் நல்லது. கதவைத் திறந்துவைத்து, தொங்கும் புடவைகளுக்கு முதுகு காட்டி நின்று பேசுங்கள். பாட்டுத்தாளை வைக்கும் இரும்புத் தாங்கியின் மேல் ஒரு துண்டை விரியுங்கள். அது குரலைத் திருப்பி மைக்கில் அடிக்காமல் இருக்கும்.

மூன்று பக்கமும் ஒரே அளவாக இருக்கும் அறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 10 அடி இடைவெளியில் சுமார் 56 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ் ஓசை மாட்டிக்கொள்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே ஓசையைத் தூக்கிவிடுவதால் சுவரோரம் அது உறுமும். அறையின் நட்டநடுவில் காணாமலே போய்விடும். அதனால் பதிவை உட்கார்ந்து கேட்கிற நாற்காலியை நடுவில் போடக் கூடாது. இந்தக் கீழ் ஓசைக்கு ஓர் அங்குல நுரைத்தகடு ஒரு பொருட்டே இல்லை. தடிமனான பொருள்தான் வேண்டும், அதுவும் மூலைகளில். பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டி மூலையில் நிறுத்தலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ராக்வூல் என்ற பாறைநார்ப் பலகை வாங்கி, ரீப்பர் சட்டத்தில் பொருத்தி, காடாத் துணியால் இறுக்கி மூடிவிடலாம். முகமூடியும் கையுறையும் இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள்.

இரும்பு பீரோ அறையில் இருந்தால் அதை வெளியேற்றிவிடுவது உத்தமம். தம்புரா ஆப்பை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, கீழ்ச் சுருதியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் பீரோக் கதவு சேர்ந்து பாடும், இன்னொன்றில் ஜன்னல் கண்ணாடி, வேறொன்றில் மேஜை டிராயரின் கைப்பிடி. கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஃபெல்ட் துணி போதும்.

புத்தக அலமாரிக்கு நல்ல இடம், நீங்கள் உட்கார்ந்து கேட்கும் நாற்காலிக்குப் பின் சுவர். புத்தகங்களை ஓரம் சமமாக அடுக்காதீர்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, தடித்தது, மெலிந்தது என்று இருந்தால் அவற்றின்மேல் படும் ஓசை பல திசையில் சிதறிவிடும். பக்கச் சுவரில் எங்கே திரை போடுவது என்று கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் இருங்கள். வீட்டில் ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் ஓசையும் உங்கள் காதுக்குத் திரும்புகிறது. அங்கே மாட்டுங்கள் ஜமக்காளத்தை.

எல்லாச் சுவரையும் மூடிவிடவும் கூடாது. முழுக்கப் பஞ்சடைத்த அறையில் பாடுகிறவருக்குத் தன் குரலே திரும்பி வராது. அதைத் தேடித் தேடித் தொண்டையை வருத்துவார். மிருதங்கத்துக்குக் கொஞ்சம் வெறுந்தரை வேண்டும். தரையில் விரிப்பு இருந்தால் அதைச் சுருட்டி வைக்க வழி இருக்கட்டும்.

சின்ன அறை என்று மனம் தளரத் தேவையில்லை. பெரி கோர்டி 1959-ல் டெட்ராய்ட்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி மோட்டவுன் இசை நிறுவனத்தை நடத்தினார். மேல்மாடத்தை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார்கள். ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோ கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி எழுந்ததுதான். 1992-ல் வந்த 'ரோஜா'வின் இசை அங்கே உருவானது. 2019-ல் பாடகி பில்லி ஐலிஷ் வெளியிட்ட முதல் ஆல்பம் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. மறு ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

இனி விளக்கு. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நியூயார்க்கில் தனக்கென்று எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவைக் கட்டியபோது, வளைந்த சுவர்களும் வட்ட ஜன்னல்களும் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்குகளும் கேட்டார். ஜான் ஸ்டோரிக் என்ற இளம் கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். அது 1970 ஆகஸ்ட் 26 அன்று திறக்கப்பட்டது. செப்டம்பர் 18 அன்று ஹென்ட்ரிக்ஸ் காலமானார். அந்தக் கூடம் இன்றும் இயங்குகிறது. பாடுகிறவரின் மனத்தை விளக்கு மாற்றும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. தலைக்கு மேல் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு கொட்டினால் வங்கிக் கவுன்டரில் நிற்கும் உணர்வுதான் வரும். 2700, 3000 கெல்வின் அளவில் மஞ்சள் கலந்த ஒளி தரும் சின்ன எல்.இ.டி. பல்புகளை வாங்குங்கள்.

ஒன்றைப் பெரிதாகப் போடாமல் மூன்றைச் சிறிதாகப் போடுங்கள். பாட்டுத்தாளுக்குப் பக்கவாட்டில் ஒன்று, கணினித் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒன்று, மூலையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். ஒளியைக் குறைக்க டிம்மர் வேண்டாம். பெரும்பாலான டிம்மர்கள் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அதனால் எழும் உறுமல் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் ஏறிவிடும். சோக் வைத்த பழைய டியூப்லைட்டும் பதிவு அறைக்கு ஆகாது. வட்டக் குமிழைத் திருகும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் டிம்மர் வகைதான். படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் அமைதியாக இருக்கும். பதிவு ஓடும்போது ஃபேனையே நிறுத்துகிற நமக்கு, சூடு குறைந்த எல்.இ.டி. இன்னொரு விதத்திலும் உதவி.

எல்.இ.டி. ஸ்ட்ரிப்பின் அடாப்டர் நல்லதா என்று அறிய, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வானொலிப் பெட்டியே உதவும். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, அடாப்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். 'கர்ர்' என்று இரைந்தால் அந்த அடாப்டர் மைக் கம்பிகளையும் தொந்தரவு செய்யக்கூடும். வேறொன்றை மாற்றுங்கள்.

விளக்கு மூடிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் சுவரெங்கும் கோடுகோடாக ஒளி படரும். கோரைப்பாயின் ஒரு துண்டைக் குழலாகச் சுருட்டி, உள்ளே 3 வாட் பல்பைப் பாயில் படாமல் நிறுத்தலாம். தகர மூடியும் பித்தளை மூடியும் கணகணக்கும். பாயும் மூங்கிலும் பேசாமல் இருக்கும். கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு வையுங்கள். இங்கே வானொலி நிலையத்தில் நாங்கள் பேசும்போது எரிகிற விளக்கு அது. வீட்டாருக்கும் அதன் பொருள் ஒரே நாளில் பழகிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில், சத்தத்தைக் குறைக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் மத்தாப்புப் பொறி பட்டது. சில நிமிடங்களில் கட்டடம் முழுக்கத் தீயும் நச்சுப்புகையும் பரவி 100 பேர் இறந்தார்கள். நம் வீட்டில் மத்தாப்பு இல்லாவிட்டாலும், நுரையின் மேலேயே ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் சூடேறிய அடாப்டரும் இருக்கின்றன. பஞ்சும் துணியும் எரியக்கூடியவைதாம். விளக்கு எதுவாயினும் அவற்றிலிருந்து ஓர் அடி தள்ளியே இருக்கட்டும். கதவு வழியை எதனாலும் அடைக்காதீர்கள். பெட்டிக்குள் வந்த பேக்கிங் நுரையையும் தெர்மகோலையும் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே அவற்றைப் பிரித்தெடுத்துவிடுங்கள்.