ஆற்றில் இறங்கும் முன்
(கண்டிப் பிரதேசத் தோட்ட வாகனச் சாரதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகப் பாதைகள் மண்சரிவில் அறுந்தன. கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி பெருக்கெடுத்தது. அப்படியான நாட்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், லயத்துக்கு அரிசி, மா ஏற்றி வருவதும் தோட்டத்து லொறியும் ஜீப்பும் டிரக்டரும்தான். ஆகவே இந்த விஷயத்தை நாம் பேசியே ஆக வேண்டும்.

முதலாவது, எஞ்சின் காற்று இழுக்கும் வாய். தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். அந்த வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று உங்கள் வாகனத்தில் இன்றே அளந்து பாருங்கள். பழைய லேண்ட் ரோவர் டிபெண்டருக்குக் கம்பனி சொன்ன அளவே 50 சென்டிமீட்டர்தான்.

இரண்டாவது, அச்சில் உள்ள மூச்சுத் துளை. ஓடிச் சூடான டிப்ரென்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ஹோஸ் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் போதும். கடந்து வந்த பிறகு ஒயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இறங்கும்போது தாழ்ந்த கியர், ஒரே சீரான மெதுவான ஓட்டம். நடுவில் கியர் மாற்றாதீர்கள். எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இழுத்து வெளியே எடுத்து, உள்ளே போன தண்ணீரை அகற்றிய பின்தான் சாவியைத் தொட வேண்டும். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்துக் காய வையுங்கள்.

ஆனால் இவையெல்லாம் எஞ்சினைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடியில் ஜீப்பைக்கூட அடித்துச் செல்லும். காற்றுக் குழாயை உயர்த்திக் கட்டினாலும் சக்கரம் தரையில் நிற்காது. கலங்கிய தண்ணீருக்கடியில் பாதை இருக்கிறதா என்பதும் தெரியாது. இங்கே மழை விட்டிருந்தாலும் மேலே கொத்மலைப் பக்கம் பெய்தால் ஆறு ஏறும்.

அதனால் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது நான்கு:

1. ஒவ்வொரு சப்பாத்துப் பாலத்திலும் அடி அளவு குறித்த கம்பம் நட வேண்டும்.

2. மழைக்காலத்துக்கு முன் வாகனங்களைத் தோட்டச் செலவில் சரிபார்க்க வேண்டும்.

3. தண்ணீர் ஓடும்போது டிரக்டர் பெட்டியில் தொழிலாளரை ஏற்றக் கூடாது.

4. ஆபத்து என்று இறங்க மறுக்கும் சாரதிக்கு அரைப் பேர் போடக் கூடாது. முழுப் பேர் போட வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு சாரதி தண்ணீரில் இறங்கினால், பின்னால் இருக்கும் அத்தனை உயிரும் அவரோடு இறங்குகிறது. கொழுந்து நாளைக்கும் போகலாம். மறுக்கும் சாரதி தனி ஆளல்ல, அவருக்குப் பின்னால் சங்கம் நிற்கும் என்பதை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் நிர்வாகத்திடம் சொல்லி வையுங்கள்.