அலுமாரியைச் சுவரோடு பிணைப்போம்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எஹலியகொடைத் தோட்டப்புறங்களில் லயத்துக் காம்பரா ஒன்றிலேயே படுக்கை, அலுமாரி, தொலைக்காட்சி யாவும் அடங்க வேண்டும். குழந்தை விளையாடுவதும் அங்கேதான். இழுப்பறைகளைத் திறந்து படிபோல் ஏறுவது குழந்தையின் இயல்பு. இழுப்பறையின் பாரமும் குழந்தையின் பாரமும் முன்பக்கம் சேர்ந்தால், அலுமாரி அதன்மேலேயே சாயும்.

இது சிறு வீடுகளுக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. அமெரிக்காவில் குழந்தைகள் சிலர் இவ்வாறு மாண்டபின், 2016 இல் ஐக்கியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற முன்வந்தது. 2022 இல் அங்கே சட்டமும் பிறந்தது.

நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரும்புக் கோணத்தகடு இரண்டும் திருகாணி சிலவும் போதும். ஆனால், பழைய சுவரின் காரைப்பூச்சில் அடித்த ஆணி நில்லாது. கல்லோ செங்கல்லோ உள்ள ஆழம்வரை துளையிட்டு, முளை செருகி, திருகாணியை முடுக்குங்கள். மறுமுனையை அலுமாரியின் மேற்சட்டத்தில் பொருத்துங்கள். மெல்லிய பின்பலகையில் அன்று. பாரமான பொருட்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

திருவிழாவுக்குப் பந்தல் கட்டுவதில் நம் வாலிபர் கைதேர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துளைக்கருவியோடு வீடு வீடாகச் செல்வோம். ஒரு குழந்தையைக் காப்பதும் சிவத்தொண்டே!